காதில் கதை, வரப்பில் கூக்குரல்

பாலக்கோடு பக்கம், காட்டை ஒட்டி எங்கள் தக்காளித் தோட்டம். செல்போன் செயலி தொடர்கதைகளை வாசிக்க, இயர்போனில் கேட்டபடியே வேலை செய்வேன்.

ஒரு காலை காய் பறிக்கும்போது, தூரத்து வரப்பிலிருந்து என் கணவர் இரு கைகளையும் ஆட்டினார். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்துக் கையாட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டவும், இயர்போனைக் கழற்றினேன்.

"திரும்பிப் பாக்காத, ஓடியா புள்ள! பின்னால ஆனை!"

முதுகுக்குப் பின்னால் குச்சிகள் முறியும் சத்தம். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். வரப்பேறித் திரும்பினால், நான் நின்ற இடத்தில் ஒற்றை யானை நின்றது.

"எவ்வளவு நேரமாக் கத்தறேன்!" என்றார். அவருக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

இப்போதெல்லாம் இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகிறேன். அந்த யானை இன்னும் எங்கள் பக்கத்துக் காட்டில்தான் திரிகிறது.