சுகுணா கையெழுத்துப் போடாத பட்டியல்

சுகுணா இறந்துவிட்டார் என்ற செய்தி, அடிவாரத்தில் நான் பஸ்ஸுக்கு நின்றபோது போனில் வந்தது. மூளையில் ரத்தக் கசிவு. ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் தலைமை அலுவலகத்தின் இரங்கல் மெயில் காத்திருந்தது. "பணிவான ஊழியர்" என்று எழுதியிருந்தார்கள். அவரை அறிந்தவர்களே, நம் சுகுணாவா பணிவு?

எங்கள் காபி எஸ்டேட் கம்பெனியில் லீவு, ரிப்பேர், வண்டி எது கேட்டாலும் ஒரு மென்பொருளில் பதிய வேண்டும். ஒப்புதல் தருகிறவரின் மேசைக்கு அது தானாகப் போகும். அதைக் கவனித்துக்கொண்டவர்கள் நானும் சுகுணாவும். வாங்கியது வாங்கியபடி இல்லை அது. எங்கள் தேவைக்கேற்ப வருஷக்கணக்காகத் திருத்தப்பட்டது. புதிய பதிப்பு ஏற்றுவதற்கு முன், அந்தத் திருத்தங்களைக் கண்டறிய சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. ஒரே பகலில் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுக் கொடுத்தது. எல்லாவற்றையும் நீக்கலாம், உங்களில் ஒருவர் பட்டியலில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் குழுத் தலைவர்.

சுகுணா பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்க, இது யாருக்காகப் பண்ணுனது?" ஒரு திருத்தத்துக்கு மட்டும் யாருக்கும் பதில் தெரியவில்லை. 'அவசரம்' என்று குறித்தால், மேனேஜர் ஒப்புதல் இல்லாமலே வண்டிக் கோரிக்கை நேராக டிரைவருக்குப் போய்விடும். எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ரைட்டர் ஒருவரைத் தேடி, சுகுணா கிளியூர் கிராமத்துக்கே போய் விசாரித்து வந்தார். மரம் விழுந்து அடிபட்ட தொழிலாளி ஒருவர், மேனேஜரின் ஒப்புதலுக்குக் காத்திருந்தே உயிரை விட்டிருந்தார். அதற்குப் பிறகு செய்த திருத்தம் அது.

"விதிமீறல், நீக்குங்கள்" என்றார் குழுத் தலைவர்.

"தெரியாம போட்டதில்லைங்க. ஒரு ஆளு செத்து, அதனால போட்டதுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

நான் போட்டேன். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

புதிய பதிப்பு வந்த சில வாரங்களில், மிளகு பறித்த ஒரு பெண்ணைப் பாம்பு கடித்தது. கோரிக்கை மேனேஜரின் கணினியில் கிடந்தது. அவர் சேலத்தில் மீட்டிங்கில் இருந்தார். ஸ்டோரிலிருந்து இறங்கி வந்த சுகுணா, டிரைவரிடம், "வண்டிய எடுங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் பிழைத்து வீடு திரும்பினார். ஒப்புதலின்றி வண்டி எடுக்கச் சொன்னதற்கு சுகுணாவுக்கு மெமோ வந்தது.

அடுத்த மாதமே அந்தத் திருத்தத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் குழுத் தலைவரின் பெயர். மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை.

"விடுங்க, வண்டி போனா சரிங்க" என்றார் சுகுணா. அவரால் விட முடிந்தது. என்னால் முடியவில்லை.

அவர் கைப்பட எழுதிய விளக்கங்களோடு அந்த அச்சுப் பட்டியல் இப்போது என்னிடம் இருக்கிறது. இரங்கல் மெயில் வந்த அன்றே அந்தத் திருத்தத்தைத் திறந்து, பரிந்துரைத்தவர் பெயரை அழித்து 'சுகுணா' என்று பதிந்தேன். காரணம் என்ற இடத்தில், மரம் விழுந்து இறந்த தொழிலாளியின் கதையையும் பாம்புக்கடியில் பிழைத்த பெண்ணின் கதையையும் எழுதினேன். இதற்கு நான் யாரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை.