நான் கட்டிய இரண்டாவது டப்பா

“…அதனால நாளையில இருந்து எனக்கு டப்பா வேணாங்க. உங்களுக்கு எப்பவும் போல கட்டி வெச்சிடறேன். நான் அவங்க ரெண்டு பேர் கூடவே மெஸ்ஸுல சாப்பிட்டுக்கறேன்” என்று சொல்லி முடித்தாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கி, தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேப்பருக்குள் இருந்தேன். அவள் பேச்சின் வால் மட்டும்தான் என் காதில் விழுந்தது. தலையை மறுபடி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

மகளைச் சேலத்தில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த பிறகு, சும்மா இருக்க முடியவில்லை என்று பாகலூர் ரோட்டில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய லைனில், அந்த மிஷின் வரிசையில், அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி பேரிகைக்காரி, என் மனைவியின் ஊர்ப்பக்கம். இரண்டு பேரும் சேர்ந்தால் தெலுங்குதான். இன்னொருத்தி ராமநாதபுரத்துப் பக்கத்துச் சின்னப் பெண், இவளை அக்கா என்று கூப்பிடுகிறவள். முதல் வாரம் ஓவர்லாக் மிஷின் துணியை இழுத்துக்கொண்டு ஓடியபோது இவள் கையைப் பிடித்துப் பழக்கியவர்கள் அவர்கள்தான். மதியம் இரண்டு பேரும் கம்பெனிக்கு எதிரில் உள்ள மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். “ஒரு நேரமாச்சும் கையை வீசிக்கிட்டு வாங்கக்கா” என்று அந்தச் சின்னப் பெண் தினமும் கூப்பிடுகிறாளாம். இவளுக்கும் போக வேண்டும்.

அவள் கேட்டது அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கியவன் நான்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஓசூருக்கு வந்து, மிஷின் ஓட்டுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே வேலை கற்றவன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நாளில் ஒரு தடவைகூட மதியச் சாப்பாட்டை வெளியில் வாங்கியதில்லை. இரும்புச் சாமான் செய்யும் எங்கள் ஷாப்பில் மொத்தம் எட்டுப் பேர். மதியம் ஒரு மணிக்கு, காலி டிரேக்களைக் கவிழ்த்துப் போட்டு, வட்டமாக உட்கார்ந்து மூடியைத் திறப்போம். அத்திப்பள்ளியில் இருந்து வரும் கன்னடக்காரர் ஒருவர் உண்டு. “ஊட்டா ஆயித்தா?” என்பதுதான் அவருக்கு வணக்கம். காலை எட்டு மணிக்குப் பார்த்தாலும் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்பார். ஓட்டல் சாதம் தின்றுவிட்டு வந்து நின்றால் மூன்று மணிக்கு மிஷின் நம்மைப் பார்த்துக் கொட்டாவி விடும் என்பார். எங்கள் ஃபோர்மேன் தர்மபுரிக்காரர். டப்பாவைத் திறந்தால் போதும், நேற்று யார் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடுவேன் என்பார். பல நாள் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட பேச்சுகளிலேயே வளர்ந்தவன் என்பதால், வெளியில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு பரிதாபம். வீட்டில் கட்டித்தர ஆள் இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் மனைவி அந்தக் கூட்டத்தில் போய் உட்காரப் போகிறாள் என்றதும் எனக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. காலையில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் அவளால் இரண்டு டப்பா கட்ட முடியவில்லை. எனக்குக் கட்டிவிட்டுத் தன்னுடையதைத் தியாகம் செய்கிறாள்.

“நாளையில இருந்து ரெண்டு டப்பாவும் நான் கட்டறேன்” என்றேன்.

“அது இல்லீங்க” என்றாள்.

அது இல்லையென்றால் எது என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அரிசி டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்த சமையல் வெந்நீர். ஆனால் ஒரு வேலையை எடுத்தால் விடுகிறவன் நான் இல்லை. ஷாப்பில் புது ஜாப் வந்தால் எப்படிச் செய்வேனோ அப்படியே எந்தப் பாத்திரம் முதலில், எது அடுத்தது என்று முந்தின நாளே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று அந்தத் தாளைப் படித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். சாதம் குழையவில்லை, சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. கலந்து, டப்பாவில் அழுத்தி நிரப்பி, கிளிப் போட்டு, அவள் பையில் நானே வைத்தேன். அவள் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “சரி” என்று எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிஷினில் இருந்து வரும் இரும்பு சூடாக இருக்கும். சூட்டில் அது கொஞ்சம் பெருத்திருக்கும். அப்போதே அளந்து பார்த்துச் சரி என்று வைத்தால், ஆறியபின் சைஸ் குறைந்துபோய் பீஸ் வீணாகிவிடும். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வது, “ஆறட்டும், அப்புறம் தொடு.” பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிற அதே ஆள், கொதிக்கக் கொதிக்கச் சாதத்தைக் கலந்து, ஆவி வெளியே போகாதபடி நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடி அனுப்பியிருந்தேன்.

அன்று ஒரு மணிக்கு என் டப்பாவைத் திறந்தபோது வட்டத்தில் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். மூடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. சாதம் ஊசிப்போயிருந்தது.

“யார் கட்டினது?” என்று கேட்டார் ஃபோர்மேன். நான்தான் என்றேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: “சூடா இருக்கையிலயே ஓகே பண்ணிட்டியாப்பா?”

அன்று எல்லோரும் ஆளுக்கு ஒரு கை எனக்குப் போட்டார்கள். கன்னடக்காரர் தன் களியில் பாதியை வெட்டிக் கொடுத்தார். எனக்கு வயிறு நிறைந்தது. ஆனால் இன்னொரு டப்பாவும் இதே நேரத்தில் எங்கேயோ திறக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும்.

சாயந்தரம் கேட்டேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டதாகச் சொன்னாள். டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டாளாம். மெஸ்ஸில் போய்ச் சாப்பிட்டிருக்கலாமே என்றதற்கு, அதற்குள் பெல் அடித்துவிட்டது என்றாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வேறொருவனாக இருந்தால் அங்கேயே கையைத் தூக்கியிருப்பான். எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. மறுநாள் இன்னும் கால்மணி நேரம் முன்னால் எழுந்தேன். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு முழுக்கப் போனபிறகுதான் மூடினேன். இரண்டாவது வாரம் எலுமிச்சை சாதம் பிடிபட்டது. மூன்றாவது வாரம் களி கிண்டினேன். முதல் நாள் கட்டி கட்டியாக வந்தது. கன்னடக்காரரிடம் கேட்டுக்கொண்டு போய், மாவைக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கையை வைக்காமல் விட்டுக் கிண்டினால் ஒழுங்காக வந்தது. பிதுக்கின பருப்பைப் போட்டு அவள் ஊர்க் குழம்புகூட வைத்துவிட்டேன். ஷாப்பில் கேலிக்குக் குறைவில்லை. வீட்டுக்கு வந்திருக்கிற புது மருமகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்பார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. மெஸ் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது.

ஒரு வியாழக்கிழமை. பாகலூர் ரோட்டில் உள்ள ஒரு பட்டறையில் கொஞ்சம் பீஸ் இறக்கிவிட்டு வரச் சொல்லி என்னை வேனில் அனுப்பினார்கள். திரும்பும்போது மணி ஒன்று. அவள் கம்பெனி வாசலில் ஒரே கூட்டம், ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். வேன் நின்றது. எதிரில்தான் அந்த மெஸ். ஷீட் போட்ட நீளக் கட்டடம், ரோட்டுப் பக்கம் கம்பி வைத்த பெரிய ஜன்னல். உள்ளே பெஞ்சுகளில் இலை போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

என் மனைவி உள்ளே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, பூட்டிக் கிடந்த பக்கத்துக் கடையின் படியில் உட்கார்ந்து, மடியில் என் டப்பாவை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு உட்பக்கம் அவளுடைய இரண்டு தோழிகள். கம்பி வழியாகவே பேச்சு. அந்தச் சின்னப் பெண் கம்பிக்குள் கையை விட்டு ஒரு அப்பளத்தை நீட்டினாள். இவள் வாங்கி, சிரித்து, என்னவோ சொன்னாள். மெஸ் வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு தொங்கியது: வெளிச் சாப்பாட்டை உள்ளே வைத்துச் சாப்பிடக் கூடாது.

சாம்பார் வாளியோடு ஒரு அம்மா வரிசையாக வந்தார். ஒவ்வொரு இலைக்கு முன்னும் நின்று, குனிந்து, எதையோ கேட்டுவிட்டு ஊற்றினார். அவர் ஜன்னலருகே வந்தபோது என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் உள்ளே இருந்த இருவரையும் கேட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். இவள் மறுபடி டப்பாவுக்குள் கையை வைத்தாள்.

“சார், அது உங்க வீட்டம்மா இல்ல?” என்றான் டிரைவர். வண்டியை எடுக்கச் சொன்னேன்.

சாயந்தரம் அவள் பையை மாட்டிவிட்டு முகம் கழுவி வரும்வரை காத்திருந்தேன். படியில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன் என்றேன். திருடும்போது பிடிபட்டவள் மாதிரி ஒரு நொடி நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். கம்பெனி ஷெட்டிலேயே டப்பாவைப் பிரித்திருக்கலாமே என்று கேட்டேன். அவர்களோடு பேச அந்த அரை மணி நேரம்தான் இருக்கிறது, லைனில் வாயைத் திறக்க முடியாது என்றாள். மழை பெய்த இரண்டு நாள் மட்டும் மெஸ்ஸம்மா உள்ளே ஒரு ஓரமாக விட்டார்களாம்.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“காலங்காத்தால எந்திரிச்சுக் கண்ணு எரிய எரிய வெங்காயம் அரியறீங்க. எப்படீங்க சொல்றது?”

அவளுக்குச் சொல்ல இன்னும் இருந்தது. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“உங்க சமையல்ல ஒரு குறையும் இல்லீங்க. ஆனா அது டப்பாவுல இருக்குது. நானே தொறந்து, நானே தின்னு, நானே கழுவணும். இருபத்திரண்டு வருஷமா இன்னுங்கொஞ்சம் போடட்டுமா, இன்னுங்கொஞ்சம் போடட்டுமான்னு எல்லாரையும் நான்தான் கேட்டிருக்கேன். அந்தம்மா ஒவ்வொருத்தர் முன்னாடியும் நின்னு கேக்கறாங்க. என்னையும் ஒருத்தர் கேக்கணும்னு இருந்துச்சு. போதும்னு நான் சொல்லணும். வேற ஒண்ணும் இல்ல.”

அத்தனை நாள் சாதத்தை ஆறவைத்தவனுக்கு இது தோன்றவில்லை. அவளுக்கு நான் ஒரு நாளும் இலை போட்டுப் பரிமாறியதில்லை. டப்பாவில் அடைத்து மூடி அனுப்பியதோடு சரி.

ஏதாவது பேச வேண்டும் என்று, அந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்குமா என்று கேட்டேன்.

“தெரியல. இன்னும் சாப்பிட்டதே இல்லியே” என்றாள்.

நாளை முதல் அவளுக்கு டப்பா கிடையாது, என்னுடையதை நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். கண்டிப்பாகவா என்று கேட்டாள். கண்டிப்பாக என்றேன்.

சொன்னதோடு சரி. மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்த என் கை, இரண்டு மாதப் பழக்கத்தில், இரண்டு பேருக்குத்தான் அரிசி அளந்திருக்கிறது. ஆறவைத்து, மூடி, கிளிப் போட்டு, வழக்கமான இடத்தில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. எடுத்து மறைக்கலாம் என்று திரும்பினால், அவள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள்.

பழக்கதோஷம் என்றேன். இன்று ஒரு நாள் மட்டும் எடுத்துப் போயேன், வீணாகிவிடும் என்று அரைகுறையாக இழுத்தேன்.

அவள் உள்ளே வந்தாள். தன் டப்பாவைத் திறந்து, ஒரு விரலில் எலுமிச்சை சாதத்தை எடுத்து வாயில் போட்டு மென்று, உப்பு சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். மறுபடி மூடினாள். நாலு பக்கமும் கிளிப் போட்டாள். அதை என் பையில், என் டப்பாவுக்கு மேலேயே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.