மரியாதைதாஸ் அண்ணையின்ர லொறி

ரயர் தேயுறதாலை சீவிக்கிற தொழில் எங்கடை; ஊர் உலகத்திலை எல்லாற்ற ரயரும் ஒழுங்காத் தேய்ஞ்சால் நாங்கள் பட்டினிதான். மொன்றியலிலை, ரொக்ஸ்பரோ ரெயில் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு கராஜிலை கொஞ்சக் காலம் நான் அலைன்மென்ற் பாத்தனான். முன்சில்லு இரண்டையும் நேராப் பாக்க வைக்கிற வேலை. பாரப் பிக்கப் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இதைப்பற்றி நான் புதுசாச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் ஸ்ரியறிங்கை நேராப் பிடிப்பியள். அது தன்ர பாட்டுக்கு றோட்டிலை அங்கையும் இஞ்சையும் மேயும். போன மாரிக்குப் போட்ட முன்ரயர் கோடைக்குள்ளை மொட்டையாகும். உங்களுக்கு வண்டியோடை மாரடிப்பு, எனக்கு உங்களோடை மாரடிப்பு. ஆகையாலை நாங்கள் எல்லாரும் ஒரே கட்சி. இருந்து கேளுங்கோ.

வலப்பக்கம் சுடுறாங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அப்ப எனக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு. அகதி வழக்குக்குப் போகேக்கை மொழிபெயர்ப்பாளற்ற வாயிலை திரும்பத் திரும்ப வந்த சொல் ஒண்டை மட்டும் கெட்டியாப் பிடிச்சு வைச்சிருந்தன்: "தீறே". சுடுறது. ஆமி சுட்டது, ஹெலியிலை வந்து சுட்டது, எல்லாத்துக்கும் அந்த ஒரே சொல்தான்.

காலமை ஒரு பெரிய பிக்கப் சடாரெண்டு வந்து வாசலிலை நிண்டுது. குதிச்சு இறங்கின வெள்ளைக்காரன் முகமெல்லாம் சிவந்து, "சா தீர்! வலப்பக்கம் சா தீர்!" எண்டு கத்துறான். அதே சொல்! வலப்பக்கம் சுடுறாங்களாம்! நான் கையிலை இருந்த சாவியை எறிஞ்சுபோட்டு, இடப்பக்கம் ரயர் அடுக்கியிருந்த தட்டுக்குக் கீழை பாய்ஞ்சு படுத்திட்டன். படுத்தது மட்டுமே? "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" எண்டு தமிழிலை கத்தினன். ஒருத்தரும் படுக்கேல்லை. கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தவன் தொடர்ந்து குடிச்சான்.

எங்கட முதலாளி ரெஜான் நல்ல மனிசன், நல்ல பாரமும். அவர் கதிரையிலை இருந்தால் கதிரை முனகிறது வெளியிலை கேக்கும். அந்த உடம்பை வைச்சுக்கொண்டு மெல்ல மெல்லக் குனிஞ்சு, தட்டுக்குக் கீழை என்னைப் பாத்தார். "குணா, அந்தச் சொல்லுக்கு இழுக்கிறது எண்டும் ஒரு கருத்து இருக்கு. இந்தக் கராஜிலை லொறிதான் 'தீறே' பண்ணும், மனிசர் பண்ணமாட்டினம். எழும்பி வா."

இடப்பக்கம் ஆர்?

இல்-பிசாரிலை இருந்து மடாம் ஜிசேல் எண்டு ஒரு அம்மா வருவா. தலை வெள்ளை வெளேரெண்டு இருக்கும். ஸ்ரியறிங்குக்கு மேலாலை எட்டிப் பாக்கிறதுக்கு ஒரு தலையணை போட்டுத்தான் இருப்பா. செத்துப்போன மனுசன் ரொஜே விட்டிட்டுப் போன ராட்சதப் பிக்கப். அதிலை அவ ஏத்திற ஒரே பாரம் பித்தூ எண்ட நாய்க்குட்டி. வண்டி எந்த நேரமும் வலப்பக்கம் இழுக்குதெண்டு வந்தா. அந்தப் பக்கந்தான் ரொஜே மீன் பிடிக்கப் போற கரையாம். "அவர்தான் இழுக்கிறார் எண்டு இவ்வளவு நாளும் விட்டிட்டன். இப்ப கை நோகுது" எண்டா.

சில்லெல்லாம் நேராத்தான் இருந்தது. பிழை ரயரிலை. சில ரயர் பிறவியிலேயே ஒரு பக்கம் சாயும். அதைச் சோதிக்கிறதுக்கு முன்ரயர் இரண்டையும் இடம் மாத்திப்போட்டு, ஓடிப் பாருங்கோ எண்டு அனுப்பினன். கால் மணித்தியாலத்திலை திரும்பி வந்தா. நான் நினைச்ச மாதிரியே வண்டி இப்ப இடப்பக்கம் இழுத்திருக்கு. ரயர்தான் குற்றவாளி எண்டு எனக்கு ஒரே புழுகமும் சந்தோசமும். அவ இறங்கேல்லை, கண்ணாடியை இறக்கி, பித்தூவைத் தடவிக்கொண்டு என்னைக் கேட்டா: "வலப்பக்கம் என்ர ரொஜே. இடப்பக்கம் ஆர்?"

நூல் பிடிச்ச மாதிரி

இனித்தான் மெயின் கதை. மன்னாரிலை இருந்து வந்த ஒரு அண்ணை, பேர் மரியதாஸ். மனசுக்குள்ளை நான் வைச்ச பேர் மரியாதைதாஸ். அரிசி, வெங்காயம், தேங்காய் எல்லாம் ஏத்திக்கொண்டு தமிழ்க் கடையளுக்கும் டவுன்டவுன் சாப்பாட்டுக் கடையளுக்கும் போடுறவர். வண்டி பிக்கப் எண்டுதான் பேர். அவர் லொறி எண்டுதான் சொல்லுவார். அந்த உயரத்துக்கு அதுதான் சரி. முதல்தரம் கொண்டுவந்தபோது நான் திகைச்சுப்போனன். அப்பிடி ஒரு மினுக்கம். பின்பெட்டியிலை ஒரு அரிசிமணி இல்லை. சவர்க்கார வாசம் வருது. உள்ளுக்குள்ளை மாதாபடத்துக்குக் கூடப் புதுப் பூ.

"றோட்டிலை குடிகாரன் மாதிரி ஆடுது தம்பி" எண்டார். முன்ரயரின்ர ஓரத்திலை கையை வைச்சுப் பாத்தன். ஒரு பக்கமாத் தடவ வழுக்குது, மறுபக்கமாத் தடவக் கிழிக்குது. அதிலை தேங்காய் திருவலாம். மெசினிலை ஏத்தி, சில்லுகளை நேராக்கி, பாரமில்லாத வண்டி குலுங்காமல் போகட்டும் எண்டு பின்ரயரிலை காத்தையும் கொஞ்சம் குறைச்சு விட்டன். நானே பெரிய றோட்டிலை கொண்டுபோய் ஓடிப் பாத்தன். நூல் பிடிச்ச மாதிரிப் போகுது. கையை விட்டாலும் போகுது.

ரண்டு கிழமையாலை ஆள் திரும்பவும் வாசலிலை. திரும்பவும் கழுவி மினுக்கித்தான். திரும்பவும் அதே ஆட்டம் எண்டார். மெசினிலை ஏத்தினால் திரையிலை எல்லாம் பச்சை, அதாவது எல்லாம் நேர். ஓடிப் பாத்தால் நூல். மூட்டுகளை எல்லாம் ஒண்டொண்டா ஆட்டிப் பாத்தன், ஒண்டும் தளரேல்லை. எனக்கு விசர் வரப்பாத்தது. "அண்ணை, இது நேராத்தானே போகுது?" எண்டன், கொஞ்சம் சூடாத்தான். அவர் கோவிக்கேல்லை. லொறியை ஒருக்கா, என்னை ஒருக்காப் பாத்தார். "உமக்கு நேராப் போகுது, எனக்கு ஆடுது. அதுக்கும் ஆளைத் தெரியுது போலை கிடக்கு தம்பி."

மூண்டாம் தரம்

ஒரே வண்டி அதே வருத்தத்தோடை திரும்பி வாறதுதான் எங்கட தொழிலிலை பெரிய மானக்கேடு. அந்த வருசம் வேறை, மாரிக்குப் பனிரயர் கட்டாயம் எண்டு சட்டம் வந்த வருசம். ஊர் முழுக்க ரயர் மாத்த வரப்போகுது எண்டு ரெஜானுக்கு ஒரு கண் சந்தோசம், ஒரு கண் பயம். என்னைக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டார், அந்த லொறி மூண்டாம் தரமும் வந்தால் அலைன்மென்ற் வேலை வேறை ஆளுக்கு, நீ வெளியிலை நிண்டு ரயர் மாத்து எண்டு.

ரயர் மாத்திறது எனக்குத் தெரியாததில்லை. கை விறைச்சு, இடுப்பு ஒடிஞ்சு, முதல் இரண்டு மாரியும் அதுதானே செய்தனான். எனக்கு அந்த மெசின் விருப்பம். கோணல் மாணலா வாறதை நேராக்கி அனுப்பிற வேலையிலை ஒரு சந்தோசம் இருக்கு, அதை எப்பிடிச் சொல்லுறது! என்ர மகள் பள்ளிக்கூடத்திலை, "என்ர அப்பா லொறியளை நேராக்கிறவர்" எண்டு பிரெஞ்சிலை எழுதிப் படமும் கீறி வைச்சிருந்தவள். மரியதாஸ் அண்ணை இனி வரக்கூடாதெண்டு, சைவக்காரன் நான், அந்தக் கிழமை முழுக்க மாதாவைத்தான் வேண்டினன்.

மாதா கேக்கேல்லை. ஒக்ரோபரிலை, செபமாலை மாதத்துச் சனிக்கிழமை ஒண்டிலை, பளபளவெண்டு கழுவின லொறி வாசலுக்கு வருது. இந்தமுறை பக்கத்திலை அவற்ற மனிசி பிலோமினா அக்காவும். "சும்மா கையோடை வரலாமே" எண்டு ஒரு பெரிய சட்டி நிறையப் பொரிச்ச ரோல்ஸ் வேறை. அடுத்தநாள் காலமை பங்குச் சனத்தோடை துருவா-றிவியேர் பக்கம் மாதா கோயிலுக்குப் பயணமாம். பெரிய றோட்டிலை அவ்வளவு தூரம் இதிலை தான் ஏறமாட்டன் எண்டு அக்கா ஒரே பிடி. கண்ணாடிக்கு அங்காலை ரெஜான் நிக்கிறார்.

"வெறும் லொறியே இப்பிடி ஆடினால் எப்பிடியண்ணை..." எண்டு நான் துவங்கினதுதான். அக்கா இடையிலை விழுந்து கத்தினா: "வெறும் லொறியோ? இது ஒருநாளாவது வெறுமையா ஓடினதோ! இஞ்சை வாறதெண்டால் மட்டும், வேலை செய்யிற பிள்ளை ஊத்தைக்குள்ளை கை வைக்கிறதோ எண்டு, விடிய எழும்பி அரிசிமூட்டை முழுக்க இறக்கிக் கழுவித் துடைச்சுக் கொண்டுவாறார் இந்த மனிசன்!"

பஸ்

அட கடவுளே. அந்த வகைப் பிக்கப்பிலை பின்னாலை பாரம் ஏறப் பின்பக்கம் தாழும், முன்பக்கம் எழும்பும். எழும்பினால் முன்சில்லு இரண்டும் பாக்கிற திசையும் மாறும். முன்னுக்குப் பிடிமானமும் குறையும். நான் குறைச்சு விட்ட காத்தோடை பின்ரயரும் நெளியும். அவர் மரியாதைக்கு இறக்கிக்கொண்டு வாறார். நான் அக்கறையா வெறும் லொறியை நேராக்கி விடுறன். அவர் வீட்டை போய்த் திரும்ப ஏத்திறார். இரண்டு பேரும் நல்லவையாய் இருந்து அந்த ரயரைத் தின்னக் குடுத்திருக்கிறம்.

இனிப் பாரத்தோடைதான் நேராக்கவேணும். பாரமோ வீட்டிலை கிடக்கு. போய் ஏத்திக்கொண்டு வாறதுக்குள்ளை கராஜ் பூட்டிவிடும். சுத்திப் பாத்தன். காத்திருக்கிற அறை நிறையச் சனம். தெரிஞ்ச பிரெஞ்சை எல்லாம் கூட்டி, "எல்லாரும் வந்து இந்த லொறிக்குப் பின்னாலை ஏறி இருப்பியளோ?" எண்டு கேட்டன். முதல் எழும்பினது மடாம் ஜிசேல், பித்தூவோடை. "எங்கை போறம்?" எண்டா. ஒரு இடமும் போகேல்லை எண்டன். "அப்ப வாறன், எனக்கு வீட்டை போக ஒரு அவசரமுமில்லை" எண்டு முக்காலியிலை கால் வைச்சு ஏறினா. அவவே ஏறினாப் பிறகு மற்ற ஆக்கள் இருப்பினமே? எங்கடது நிலத்திலை குழி வெட்டின மெசின், ஆக்களை ஏத்தப் பயமில்லை. பிலோமினா அக்கா ஏறின எல்லாருக்கும் கையிலை ஒவ்வொரு ரோல்ஸ் குடுத்தா. ஆள் ஏற ஏறத் திரையிலை இலக்கம் நகருது. ஆனால் நிறம் மாறேல்லை, விளிம்பிலை பச்சையா நிக்குது. அரிசியின்ர அளவுக்குப் பாரம் இன்னும் போதாது.

அப்ப கதவைத் திறந்துகொண்டு ரெஜான் வந்தார். தன்ர வாடிக்கையாளர் முழுக்க ஒரு லொறிப் பெட்டிக்குள்ளை இருந்து ரோல்ஸ் தின்னுறதைப் பாத்தார். "இதென்ன, பஸ்ஸோ?" எண்டு கத்தினார். அக்காவுக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் வராது. அவ ரெஜானை மேலையும் கீழையும் ஒருக்கா அளந்தா, பெட்டியைக் காட்டினா, ஒரு ரோல்ஸை நீட்டினா. மனிசன் ரோல்ஸை மணந்து பாத்தார், கடிச்சார், பிறகு ஏறினார்.

அவர் இருந்தார். லொறி "ம்ம்" எண்டு பதிஞ்சுது. திரையிலை பச்சை எல்லாம் ஒரே நேரத்திலை சிவப்பு! கோணல் பிடிபட்டிட்டுது! நான் துள்ளிக் குதிச்சுக் கைதட்ட, பின்னாலை இருந்தவையும் ஏனெண்டு தெரியாமலே தட்டிச்சினம், பித்தூவும் குலைச்சுது. குழிக்குள்ளை இறங்கி நேராக்கத் துவங்கினன். ஆரும் ரோல்ஸுக்கு எட்டினால் இலக்கம் ஆடும். "அசையாதேங்கோ!" எண்டு கீழையிருந்து கத்துவன், எல்லாரும் வாய்க்குள்ளை வைச்ச ரோல்ஸோடை அப்பிடியே இருப்பினம். ஒருமாதிரி எல்லாத்தையும் பச்சையாக்கி, பின்ரயருக்குப் பாரத்துக்கேற்ற காத்தும் அடிச்சு மேலை வந்தன். ரெஜான் இன்னும் இறங்கேல்லை. என்னைப் பாத்தபடி கையைத் துடைச்சார். "மூண்டாம் தரமும் வந்ததுதான், குணா. ஆனால் இதிலை நானும் ஏறி இருந்திட்டன். இனி உன்னை என்னெண்டு வெளியிலை விடுறது?"

முறைப்பாடு

திங்கட்கிழமை லொறி திரும்ப வந்துது. ஆனால் பாத்தால், சில்லெல்லாம் சேறு, பெட்டி முட்ட அரிசிமூட்டை, மேலை வெங்காயச் சருகு பறக்குது. என்ர வாழ்க்கையிலை நான் கண்ட வடிவான லொறி அதுதான். அண்ணை இறங்கி வந்து கையைப் பிசைஞ்சுகொண்டு நிண்டார். நேராப் போகேல்லையோ எண்டன். "ஐயோ, அம்புக்கணக்காப் போகுது" எண்டார். பிறகென்ன அண்ணை, முகம் வாடியிருக்கு?

"முந்தி ரொக்ஸ்பரோ தாண்டினால் பிலோமினா கோயில் வாசல் வரைக்கும் பயத்திலை விடாமல் செபமாலை சொல்லிக்கொண்டு வருவா. நேற்று ஏறினதும் நித்திரை, குறட்டை வேறை. மாதா என்னோடை கோவிக்கப்போறா, தம்பி. கொஞ்சமா ஒரு ஆட்டம் வைச்சுத் தரேலாதோ?"

ஆகையாலை என்ர கட்சிக்காரரே, கராஜுக்கு வரேக்கை மட்டும் தயவுசெய்து மரியாதையை வீட்டிலை இறக்கி வைச்சிட்டு, அரிசிமூட்டையோடை வாங்கோ.