வலது கைக்கு ஒரு சலுகை

தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்திலிருந்த புரோகிராமர் இடது கைக்காரர். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சாப்பிடும்போது மட்டும் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வார்.

அதே கடையில் ஆர்டர் தட்டும் சின்னத் தொடுதிரைக்கு அவர்தான் சி மொழியில் நிரல் எழுதினார். பொத்தான்கள் எல்லாம் இடது கைக்குத் தோதாக இருந்தன. கடைக்காரர் முகம் சுளித்தார்.

"மொத ஆர்டரே பீச்சாங்கையிலயா தம்பி?"

புரோகிராமர் மடிக்கணினியைத் திறந்தார். நிரலில் ஒரு வரியை வேலை செய்யவிடாமல் அதன் முன்னால் நிறுத்தி வைத்திருந்த இரண்டு சாய்கோடுகளை அழித்து, மறுபடி கம்பைல் செய்தார். பொத்தான்கள் வலப்பக்கம் வந்துவிட்டன.

எட்டிப் பார்த்த நான் கேட்டேன், "வலது கைக்குத்தான் தனி ஆப்ஷனா அண்ணே?"

"ஆமா லா. பாவம், அவங்களும் பொழைக்கணும்ல?"

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். உலகத்தையே தன் பக்கம் திருப்பி எழுதி வைத்திருந்த அந்தக் கை, ஒன்றும் தெரியாததுபோல் தொடைக்கடியில் போய்ப் பதுங்கியது.