மழை எங்கே என்று சொல்லாத வரி

அன்றைய கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் மேடம் இருந்தார், புகைப்படம் எடுப்பவர் இருந்தார், நான் இருந்தேன். திரையில் மூன்று கட்டங்களில் மூன்று பேர்: சிங்களத்தில் எழுதும் கொழும்பு அக்கா, மலாயில் எழுதும் பினாங்குக்காரர், பிரெஞ்சில் எழுதும் மொரிஷியஸ் பெண். வாட்சர் அண்ணன் மட்டும் இல்லை. பிளவக்கல் அணைக்கு மேலே மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் குளிக்க வருகிறவர்களை விசிலடித்துக் கரையேற்றுவது அவர் வேலை. அவரைக் கூட்டத்துக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. சனிக்கிழமை என்றிருந்த கூட்டம் செவ்வாய்க்கு மாறியதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. அவருக்கு என் வீட்டைத் தெரியும். என் அய்யா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி, அம்மா பேண்டேஜ் துணி மடிக்கப் போகிறவள், இருவருக்கும் கையெழுத்துக்கூட வராது என்பதெல்லாம் தெரியும். வெளிநாட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, “ஏலே, ஒங்கய்யா ஷிப்ட்டுக்குப் போயிட்டாரா?” என்று கேட்பார். அதற்குப் பயந்தேன்.

எங்கள் வேலை இதுதான். நான்கு நாடுகள் சேர்ந்து, சுற்றுலா வருகிறவர்களுக்காக ஐந்து மொழிகளில் ஒரே இணையதளம். ஒவ்வோர் இடத்தையும் பற்றி அந்த ஊர்க்காரர் தன் மொழியில் எழுதுவார். மற்றவர்கள் அதைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோவார்கள்; ஆங்கிலம் மேடம் கையில். எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். கோயில், மலை, அணை, ஓடை என்று இந்தப் பக்கத்து இடங்களை எழுதியது நான்.

ஓடைப் பக்கத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு வரி எழுதியிருந்தேன். “மழை பெய்யும்போது ஓடையில் இறங்க வேண்டாம்.”

“வாட்சர்கிட்ட காட்டிட்டீங்களா?” என்று மேடம் கேட்டார்.

“காட்டிட்டேன் மேடம். சரின்னுட்டார்.”

கூட்டக் குறிப்பில் அது அப்படியே ஏறியது.

கொழும்பு அக்கா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். “இந்த ஒரு வரி போதுமா தம்பி?”

“போதும் அக்கா. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.”

தெரியும்தான். இங்கே ஓடையைப் பற்றிப் பேசும்போது மழை என்றால் மலைக்கு மேலே பெய்வது. கீழே வெயில் காயும். தலைக்கு மேல் ஒரு துண்டு மேகம் இருக்காது. மலை உச்சியில் அரை மணி நேரம் கொட்டினால் போதும், ஓடை திடீரென்று செந்நிறமாகத் திரண்டு வரும். அதனால் எங்கள் ஆட்கள் குளிக்கும்போது வானத்தைப் பார்ப்பதில்லை. மேற்கே திரும்பி மலையைப் பார்ப்பார்கள். “மேக்க கறுக்குது” என்று ஒருவர் சொன்னால் போதும், சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஏறிவிடுவார்கள். எனக்குப் பழகிப்போன இந்த விஷயம் எழுதும்போது மனதில் வரவேயில்லை. எழுதாததை யாரும் மொழிபெயர்க்கவும் முடியாது.

ஆடியில் தளம் திறந்தது. அன்று அம்மாவிடம் போனைக் காட்டினேன். விரல்களில் ஒட்டியிருந்த பஞ்சைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

“இது என்ன எழுத்துய்யா, வெத்தலக் கொடி கணக்கா இருக்கு?”

“சிங்களம்மா.”

“இது?”

“மலாய். இங்கிலீஷ் எழுத்துலதான் எழுதுவாங்க.”

“இம்புட்டும் நீ எழுதுனதா?”

“ஆமாம்மா. எல்லாம் நான் எழுதினதுதான்.”

அவள் பக்கத்து வீட்டுக்குப் போனைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

ஐப்பசியில் மலேசியாவிலிருந்து அக்காவும் தங்கையுமாக இருவர் வந்தார்கள். ஐம்பது வயதை ஒட்டியவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள். எங்கள் தளத்தைப் பார்த்துத்தான் ஓடைக்கு வந்திருக்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணி, நல்ல வெயில். தண்ணீர் வந்ததும் தங்கை ஒரு மருத மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டார். அக்காவை மறுநாள் காலையில் அணை ஓரத்தில் எடுத்தார்கள்.

தமிழ்ப் படிவங்களை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் மேடம். தங்கைக்கு இரண்டு முழங்கையிலும் கட்டு. என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. அலுவலகத்துப் பையன் என்று நினைத்தார்.

“படிச்சுப் பார்த்துட்டுத்தான் இறங்கினோம் தம்பி,” என்றார். “எனக்குக் கண்ணாடி இல்ல. அக்காதான் சத்தமா வாசிச்சா. மழையில இறங்கக் கூடாதாம்னா. மேல பார்த்தோம். மழையே இல்லையே.”

யாரும் தங்களைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதுபோல அதை மூன்று தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தேன். அது என் வரி என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. நான் ஒருமுறைகூடக் கேட்டிராத குரல். எனக்குத் தெரியாத மொழியில், கண்ணாடி இல்லாத தங்கைக்காக நிறுத்தி நிறுத்தி என் வரியை வாசிக்கும். பஸ்ஸில், டீக்கடையில், பல் தேய்க்கும்போது. மலாய் வரியை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தேன், என் குரலில் கேட்டால் அந்தக் குரல் அடங்கும் என்று. அடங்கவில்லை. கூடச் சேர்ந்து வாசித்தது.

தளத்தின் பின்பக்கத்தில் ஒரு வசதி உண்டு. எந்தப் பக்கத்தை, எந்த மொழியில், இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும். ஓடைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பூஜ்யம். பூஜ்யம். பிறகு ‘பிரெஞ்சு: 1’ என்று வரும். அது மறுபடி பூஜ்யம் ஆகும்வரை இருக்கையை விட்டு எழ மாட்டேன்.

தமிழ்ப் பக்கத்தைத் திருத்த எனக்கு அனுமதி உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே திருத்தினேன்: “நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலைமேல் மழை என்றால் இறங்க வேண்டாம்.” மற்ற நான்கு மொழிகளுக்கு மேடம் உத்தரவு தர வேண்டும்.

“இப்ப மாத்தினா என்ன அர்த்தம் தம்பி?” என்றார். “முன்னாடி இருந்தது தப்புன்னு நாமளே எழுதிக் கொடுக்கிற மாதிரி. மூணு நாடும் விலகிக்கும். இதை நம்பி எத்தனை பேர் வீட்ல அடுப்பு எரியுது?”

“பக்கத்தையாவது எடுத்துரலாமே மேடம்.”

“எடுத்தா மறைச்சோம்பாங்க. இந்தச் சாவுக்கு விசாரணை வந்திருக்கு, முடியட்டும்.”

“அதுக்குள்ள இன்னொருத்தர் படிச்சிட்டு இறங்கினா?”

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். அவருக்கும் தூக்கம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் வாட்சர் அண்ணனைப் பார்க்கப் போனேன். செக்போஸ்ட் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வாலே ஆபீசர்,” என்றார். சிரிப்பு இல்லை. “விசாரணைக்கு வந்தவுக ஒரு பேப்பரை வாசிச்சாக. நான் பாத்து சரின்னு சொன்னதா அதுல இருக்காம். எப்பலே பாத்தேன்?”

“பாக்கலண்ணே.”

“எனக்குப் படிப்பு வராதுன்னு அவுக கேலி பேசுதாக. படிக்கத் தெரியாதவன் எப்படிய்யா சரின்னு சொன்னங்காக. வேலைய விட்டுத் தூக்கிருவாக போல.” கையிலிருந்த விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். “எங்கிட்ட வாசிச்சுக் காட்ட எம்புட்டு நேரம்லே ஆவும்? செத்த நேரம்.”

அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு நான் தெக்கு ஓடைல நின்னேன். மேக்க கறுத்ததும் விசிலடிச்சேன். பொறவு கையை ஆட்டி ஆட்டி ஓடியாந்தேன். அக்காக்காரம்மா திரும்பிப் பாத்தாவ. சிரிச்சாவ. பதிலுக்குக் கையை ஆட்டுனாவ.” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “நான் டாட்டா காட்டுதேன்னு நெனச்சிட்டாவ.”

அங்கிருந்து நேரே அலுவலகம் போய்க் கடிதம் எழுதினேன். இரண்டு விஷயங்கள்தான். வரி என்னுடையது, அதில் இருக்க வேண்டியதை நான் விட்டுவிட்டேன். வாட்சரிடம் யாரும் எதையும் காட்டவில்லை, காட்டியதாக நான் பொய் சொன்னேன். திருத்திய தமிழ் வரியைக் கீழே வைத்து, நான்கு நாடுகளுக்கும் விசாரணை அதிகாரிக்கும் ஒன்றாக அனுப்பிவிட்டு மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கணினித் திரையில் கடிதத்தை முழுவதும் படித்தார். “சரி, உட்காருங்க,” என்றார்.

கொழும்பு அக்கா யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. அரை மணி நேரத்தில் சிங்கள வரி மாறியது. அடுத்து பிரெஞ்சு. ஆங்கிலத்தை மேடமே என் முன்னால் உட்கார்ந்து மாற்றினார். பினாங்குக்காரர் போன் செய்தார்.

“நான் அந்த வரிய எழுதுறப்ப இங்க வெளிய மழை, தம்பி,” என்றார். “அதையே பார்த்துக்கிட்டு எழுதுனேன். எந்த மழைன்னு கேட்கத் தோணல.” பிறகு, “உங்க கடிதத்த மலாய்ல போட்டு, உயிர் தப்பின அந்தம்மாவுக்கு அனுப்பவா?”

“அனுப்புங்கண்ணே.”

அனுப்பினார். படித்ததற்கான அடையாளம் வந்தது என்று சொன்னார். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வாட்சர் அண்ணனின் வேலை போகவில்லை. என் ஒப்பந்தம் முடிந்தபோது அதை நீட்டிக்கவில்லை; அதில் எனக்குக் குறை இல்லை. வேறு வேலை பார்க்கிறேன். பஸ்ஸில் இன்றும் மலை தெரிகிற பக்கத்து ஜன்னலில்தான் உட்காருகிறேன். வெயில் எவ்வளவு தெளிவாக அடிக்கிறதோ அவ்வளவு பயமாக இருக்கிறது. வாசிக்கும் குரலும் போகவில்லை. அது வாசிப்பது பழைய வரியைத்தான்.

கிளம்புவதற்கு முன் கடைசி மாதக் கணக்கு என் பார்வைக்கும் வந்தது. ஒரே ஒரு வரியானாலும் மொழிபெயர்ப்புத் திருத்தத்துக்கு ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தளமே கணக்கிட்டுவிடும். மலாய்க்கு வேண்டாம் என்று பினாங்குக்காரர் எழுதியிருந்தார். ஆங்கிலத்துக்கு வந்ததை மேடம் நீக்கியிருந்தார். மீதி இரண்டு மொழிகளுக்குமாக, அந்த வரியை மாற்ற நான்கு நாடுகளின் பொதுப் பணத்திலிருந்து போனது மொத்தம் ஆயிரத்து இருநூறு ரூபாய்.