பக்கத்துக் காம்பரா அக்காவின் பேச்சு

கதை எழுத எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கற்றுக்கொள்ளவில்லை, திருடினேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்கள்தான் எங்கள் லயம்; அங்கே சுவரே கூரைவரை போகாது. பக்கத்துக் காம்பராவில் கரண்டி விழுந்தால் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். ஆனால் அங்கே பேசியதைக் கேட்டோம் என்று மட்டும் யாரும் காட்டிக்கொள்ள மாட்டோம். அவ்வளவு நெருக்கத்தில் மானத்தோடு இருக்க எங்களுக்கு வேறு வழி இல்லை.

அந்தக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து, கொழுந்தெடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும்போதெல்லாம் அந்தப் பிள்ளையோடு பேசுவார். “இன்னைக்கு மலையில என்னா மழ புள்ள! அட்ட கடிச்சு காலெல்லாம் ரத்தம். ஒனக்கு அட்டைன்னா பயமுல்ல?” பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கேட்டேன். ஒரு கதையை எங்கே தொடங்குவது, எங்கே மூச்சு விடுவது, எல்லாம் அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான்.

பிறகு தலவாக்கலையில் ஆசிரியையாக இருந்தபோது அதையே கதையாக எழுதினேன். தோட்டத்தை மாற்றினேன், மகளை மகனாக்கினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு! அட்டையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அந்த வரிதான் கதையின் உயிர் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கதை வந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பத்திரிகையை எடுத்துப் போய், எங்கள் லயத்தில் படித்த பெண் ஒருத்தியிடம் கொடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அட்டை வரி வந்ததும் வாசித்தவளே நிறுத்திவிட்டாளாம். அங்கே நின்ற அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

விடுமுறைக்கு நான் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. “ஒரு மாசமா இப்பிடித்தான்,” என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். அக்காவிடம் ஓடிப்போய்க் காலில் விழாத குறையாக அழுதேன்.

“திட்டுங்கக்கா. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க.”

அவர் திட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

“நீ எழுதுனதுக்கு நான் ஒன்னுஞ் சொல்லல புள்ள. அடுப்பு மூட்டையில பேசலாம்னு வாயத் தொறக்குறேன். நாலு பேரு கேக்குறாங்கன்னு கூச்சமா வருது. எம்புள்ள இப்பல்லாம் வரவே மாட்டேங்குறா.”