தங்கலட்சுமி பேரில் வந்த தீர்ப்பு

திருச்சுழிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யார் எதைப் போட்டாலும் கைகூப்பும் பொம்மையால் ஒரு கும்பிடு போட்டாக வேண்டும். சாவுச் செய்தியா, ஒரு கும்பிடு. ஆட்டைக் காணோமா, அதற்கும் ஒரு கும்பிடு. படித்தோமா இல்லையா என்பது வேறு விஷயம். போடாவிட்டால் எதிரே வந்தவரைப் பார்த்தும் பாராமல் போனதாக ஆகிவிடும்.

அந்தக் குரூப்பில்தான் தங்கலட்சுமி கண்மாய் வீடியோவைப் போட்டாள். புருஷன் இல்லை. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, கொஞ்சம் கரிசல் காட்டில் கொத்தமல்லி போட்டுக்கொண்டு ஒற்றை ஆளாக இருப்பவள். வண்டல் அள்ள அனுமதி வாங்கியவர் கரையடி வரைக்கும் தோண்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதைப் படமெடுத்து, "இம்புட்டு ஆழம் தோண்ட யாரு சொன்னா?" என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான். வெளியூர்க்காரர்களும் பார்க்கட்டும் என்று ஒரு வீடியோ ஆப்பிலும் ஏற்றினாள்.

வழக்கம்போல ஊரே கும்பிடு போட்டது. பாதிப் பேர் வீடியோவைத் திறக்கக்கூட இல்லை.

மண் அள்ளியவர் போலீஸில் புகார் கொடுத்தார். ஊருக்குள் கலகம் மூட்டியதாகத் தங்கலட்சுமி மேல் வழக்குப் போட்டு, போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கும்பிடு போட்டவர்களெல்லாம் ஆதரவாளர்களாம். அவர்களையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மல்லி அறுப்பு நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வெயிலில் நின்றவர்கள், "மரியாதைக்குப் போட்டதுய்யா" என்றார்கள். இந்த மரியாதை எந்த அதிகாரிக்குப் புரியும்? ஆப்காரர்கள் தங்கள் பங்குக்கு, விதிக்குப் புறம்பானது என்று வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். எந்த விதி என்று கேட்டால் மிஷின்தான் பதில் அனுப்பியது.

அதோடு ஊர் அவளை விட்டு ஒதுங்கிக்கொண்டது. அவள் வந்தால் பேச்சு நின்றது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. அறுப்புக்குக் கூப்பிட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் இடுப்புவலி. யாரும் வைது ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைதிருந்தாலாவது பதிலுக்கு வைதிருப்பாள். வழக்கில் ஜெயித்துவிட்டால் பழையபடி பேசுவார்கள் என்று நம்பித்தான் அருப்புக்கோட்டை வக்கீல் சத்யபிரியாவிடம் போனாள்.

"கேள்வி கேக்குறது குத்தமே இல்லக்கா. மதுரை ஹைகோர்ட்டுல மனு போடுவோம்" என்றார் சத்யபிரியா.

"ஜெயிச்சா பேசுவாகளா?"

"யாரு, ஜட்ஜா?"

"எங்க ஊர்க்காரவுக."

சத்யபிரியா பேனாவை எடுத்து நீட்டினார். மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வழக்கு ரத்தானது. தன் ஊர்க் கண்மாயைப் பற்றிக் கேட்பது குடிமக்களின் உரிமை என்றும், அதற்குக் கும்பிடு போட்டவர்களை விசாரித்தது வரம்பு மீறல் என்றும் கோர்ட்டு சொன்னது. போனும் திரும்பி வந்தது. தங்கலட்சுமி தீர்ப்பு நகலோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, எதிர்வீட்டுச் சண்முகவேல் கொல்லைப் பக்கமாக வந்து நின்றார். ஒரு வருஷமாகப் பேசாதவர். தங்கலட்சுமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ போட ஓடினாள். அவர் உட்காராமல் போனை நீட்டினார்.

"குடிதண்ணிக் குழாயில சாக்கடை கலக்குது தாயி. வீடியோ எடுத்திருக்கேன். ஒனக்கு அனுப்புறேன், நீ போடு."

"நீங்களே போடுங்கண்ணே. கேக்கலாம்னு கோர்ட்டே சொல்லிருச்சே. தீர்ப்பு எல்லாருக்குந்தான்."

"அதெப்படி? பட்டா யாரு பேருல இருக்கோ அவுகதான காட்டை உழுக முடியும்? தீர்ப்பு ஒம் பேருலதான வந்திருக்கு."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சண்முகவேல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வீடியோவை அனுப்பி முடித்தார்.

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே."

"வேணாந்தாயி. இங்க நின்னேன்னு தெரிஞ்சா, அப்புறம் எங்கூடயும் யாரும் பேச மாட்டாக."

வந்த வழியே போய்விட்டார். ஸ்டேஷனில்கூட அழாத தங்கலட்சுமி அன்றைக்கு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சண்முகவேலின் வீடியோவைத் தன் பேரில் போட்டாள்.